முன்வரிசை

கச்சேரியில் முன்வரிசை அவ்வளவு வசதியான இடமில்லை, இன்ஸ்பெக்டர் ஸார். கழுத்து வலிக்கும். மிருதங்கம் பாட்டை விழுங்கும். கொட்டாவி வந்தால்கூட வாயைத் திறக்க முடியாது. நல்ல காது உள்ளவன் நடுப்பந்தலில் தூண் ஓரமாக உட்காருவான். ஆனாலும் ஒவ்வொரு ராமநவமிக்கும் நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஆபீஸ் விட்டதும் நேரே பந்தலுக்கு வந்து துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவேன். வீட்டில் வைதேஹி என்னோடு பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. என் மனைவி மேல் குறையில்லை. எனக்கும் அவளிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

உங்களுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம், தமிழ் தெரியும், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லது. களைப்பாக இருக்கிறது. கன்னடத்தில் சொன்னால் இன்னும் நீளும்.

முதலில் மல்லம்மாவை வீட்டுக்கு அனுப்புங்கள். பாக்கியலட்சுமி அம்மாளுக்குச் சமைத்துப் போட்டாள், தம்புராவைத் தூக்கி வந்தாள், அவ்வளவுதான். பால் பிளாஸ்க் அவளுடையது என்பதற்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நகைக்கு ஆசைப்பட்டு விஷம் வைத்தாள் என்று அக்ரஹாரம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய பாடகி சமையல்காரியின் நகை ஆசையால் செத்தார் என்று ஆகிவிடக் கூடாது.

அந்த அம்மாள் பாடி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மைக் வராத காலத்தில் அவர் மேல் ஷட்ஜத்தில் நின்றால், பந்தலுக்கு வெளியே ஜட்காக்காரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பான். ஆலாபனை முடிந்ததும் ஒரு கணம் சும்மா இருப்பார். அந்த மௌனத்தில் முன்வரிசைப் பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் லேசாகத் தலையை ஆட்டுவேன். பிறகுதான் வயலின்காரர் வில்லை எடுப்பார். வருஷா வருஷம் இப்படித்தான். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அரண்மனைக் கச்சேரிகள் குறைந்துபோன பிறகு அவர் குரலும் இறங்கியது. ஸ்ருதியைக் குறைத்தார். மைக்கை உதட்டோரம் இழுத்துவைத்துக்கொண்டு, மேலே போக வேண்டிய இடங்களில் கீழேயே மெதுவாகச் சுற்றிவந்தார். கல்லூரிப் பிள்ளைகள் அதற்குக் கை தட்டினார்கள். போன வருஷம் என் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பரிதாபப்பட்டு அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ரசிகர் உலகத்தில் வயதாகிக் குரல் போனவர் என்று யாரும் கிடையாது, ஸார். குரல் போனவர்களுக்கெல்லாம் யாரோ பொறாமையில் சிந்தூரம் கொடுத்திருப்பார்கள். வெற்றிலையில் தடவினார்கள், பாலில் கலந்தார்கள் என்று ஆளுக்கொரு கதை. தானாகத் தேய்ந்த குரல் என்றால் ஊர் உச்சுக்கொட்டிவிட்டு மறந்துவிடும். எதிரி சிந்தூரம் கொடுத்துக் கெடுத்த குரல் என்றால் பேரன் காலம்வரை பேசுவார்கள். அந்த மரியாதையை அவருக்கு யாராவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. சிந்தூரம் குரலை மட்டும் எடுக்கும் என்றுதான் நான் கேட்டு வளர்ந்தது. சிறுநீரகம், குடல் என்றெல்லாம் உங்கள் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

எதையும் விடக் கூடாது என்றீர்கள். அதனால் இதையும் சொல்கிறேன். பந்தலில் பானகம் கொடுப்பது என் பொறுப்பு. இந்த வருஷம் தம் கச்சேரிக்கு முந்தின நாள், வேறொருவர் பாட்டைக் கேட்க அம்மாள் மல்லம்மாவோடு வந்திருந்தார். புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். டம்ளரை நீட்டினேன்.

“சுக்கு தூக்கல், ஸ்வாமி. நீங்க கமிட்டியா?”

“செலுவநாராயணன். முன்வரிசை” என்றேன்.

“முன்வரிசையா? அதையேன் கேக்கறீங்க. இத்தனை வருஷமா முன்வரிசைன்னா எனக்கு வெள்ளை மூட்டைங்கதான். ரெண்டடிக்கு மேல கண்ணு தெரியாது. ஆலாபனை முடிஞ்சா ஏதோ ஒரு மூட்டையைப் பாத்துண்டு உக்காந்திருப்பேன். மூச்சு வாங்கணுமே. இப்பத்தான் டாக்டர் கண்ணாடி குடுத்தார். மூட்டைக்கெல்லாம் மூஞ்சி முளைச்சிருக்கு.”

“மூஞ்சி இல்லாம இருந்ததே தேவலைங்கக்கா” என்றாள் மல்லம்மா. “இவரைப் பாருங்க, பானகத்துக்குப் பதிலா வேப்பெண்ணெய் குடிச்சாப்புல நிக்கறாரு.”

“சும்மா இருடி கழுதை. மனுஷர் நாளைக்குப் பந்தலுக்கே வராம போயிடப் போறார்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கையாகப் பேசக்கூடியவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் மேடைக்குப் பின்னால் ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லம்மா கோசம்பரிப் பிரசாதம் வாங்கப் போகும்போது, “சாமி, பிளாஸ்க்கைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். குங்குமப்பூ போட்ட பாதாம் பால், சிந்தூரத்தின் நிறம் தெரியவில்லை. கலந்துவிட்டு மூடியைத் திருகி, அவள் வந்ததும் கையிலேயே கொடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடினார். நடுவில் இரண்டு தடவை பால் குடித்தார். முகம் சுண்டியதைப் பார்த்தேன். ஆலாபனை முடித்து முன்வரிசைப் பக்கம் திரும்பினார். எந்த மூட்டையைப் பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டவில்லை நான். வியர்வை வழிய வழிய மங்களம் வரைக்கும் பாடி முடித்தார். நடுவில் எழுந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். மங்களத்துக்கு முன்னால் எழுந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரிக்கு நஞ்சனகூடு ரசவாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். பேச்சு போய்விட்டிருந்தது. விஷம் என்று அப்போது டாக்டருக்கே தெரியாது. நான்தான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: “இனிமேல் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சிந்தூரம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள்.”

அந்தச் சிந்தூரப் பொட்டலத்தை எப்போது வாங்கினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பல மாதம் யோசித்துச் செய்தது என்றேன். யோசித்தது உண்மைதான். வாங்கியது, அவர்கள் சிரித்த மறுநாள் காலை, பூஜைச் சாமான் கடை திறந்ததும்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கொன்றேன். மல்லம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நடந்ததில் ஒன்று பாக்கி. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை மேஜையைத் துழாவியது. என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடியை எடுத்து நானே அவருக்கு மாட்டிவிட்டேன். பார்த்தார், ஸார். என்னைத்தான், வெகுநேரம் பார்த்தார்.

நான் லேசாகத் தலையை ஆட்டினேன்.