எழுத்து கொட்டுது சார்

— கொட்டுது சார்! மறுபடியும் கொட்டுது!

— இன்னாம்மா ஜாஸ்மின், கூரை ஒழுவுதா?

— எழுத்து சார்! ஸ்க்ரீன்ல இருக்கற எழுத்தெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்து அடியில குமியுது. உள்ள வந்து பாருங்க... சார், செருப்பு!

— கழட்டிட்டேன், கழட்டிட்டேன். கோயில்லகூட இவ்ளோ கெடுபிடி இல்ல... அடேங்கப்பா! ஐப்பசி மழை தோத்துது போ. செம்பரம்பாக்கம் ஏரியே ரொம்பிடும். தொண்ணூத்தொண்ணுல வாங்கின புத்தம்புது கம்ப்யூட்டராச்சே!

— சிரிக்காதீங்க சார். மத்தியானம் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்லேருந்து தணிகாசலம் சார் வர்றாரு. இதைப் பாத்தார்னா மிசினை வேன்ல ஏத்திடுவாரு. நான் பழையபடி பேக்கிங்ல போல்ட் பொறுக்கணும்.

— இந்தக் கோதண்டராமன் ஸ்டோர்ஸ்ல உக்காந்துகினு இருக்கறவரைக்கும் கம்பெனியிலேருந்து ஒரு நட்டுகூட வெளிய போவாது. இது இன்னா நோவு, சொல்லு.

— வைரஸ் சார். எவனோ வேணும்னே எழுதின புரோகிராம். வேற ஃபைலுக்குள்ள பூந்துகினு வரும். எதுல வந்துச்சுன்னு புடிச்சு அழிக்கணும். அழிக்காம இங்கேருந்து எழுந்திரிக்க மாட்டேன். பீரோவுல ஒரிஜினல் ஃப்ளாப்பி இருக்கு, எடுங்க... அப்படியே பேக்கிங் ரத்னாகிட்ட ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சைஸ்.

— கம்ப்யூட்டருக்குப் பொட்டா? நீ வேதக்காரப் பொண்ணாச்சே!

— எனக்கில்ல சார்! ஃப்ளாப்பி ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு பாருங்க. அதை மூடிட்டா மிசின் இதுல எதையும் எழுத முடியாது, நோவு ஒட்டாது.

— ...இந்தா. அரக்குக் கலர். வெச்சதும் மகாலட்சுமி மாதிரி கீது ஃப்ளாப்பி.

— சும்மா இருங்க சார்... மிசினை அணைச்சு, இதுலேருந்தே கிளப்பறேன். ம்... ஆங், பாருங்க! இதே ஃபைல் ஃப்ளாப்பியில ஒல்லியா இருக்கு, நம்ம மிசின்ல குண்டா இருக்கு. உள்ள ஒக்காந்திருக்கு வைரஸ்.

— நம்ம கேன்டீன்ல குண்டான மொத ஆளு இதுதான்! சரி, எதுல வந்துச்சு?

— நாம வெக்காத ஃபைல் ஏதாவது... சார்... ஒண்ணு இருக்கு.

— படி.

— பி, ஓ, ஆர், யு... அழிச்சிடறேன் சார்.

— இரு, இரு! பொ...ருத்...தம். அடி சக்கை! ஜாதகப் பொருத்தம் பாக்கற புரோகிராம்! கல்யாணத்துக்குப் பறக்கற ஆளு எதுவோ கொண்டாந்து போட்டிருக்கு.

— யாரா இருந்தா இன்னா சார்?

— உன்னைச் சொல்லல. உங்க ஜனத்துல ஏது ஜாதகம்? எம் பையன் தமிழ்வாணனா இருக்குமோ? டூல் ரூம்ல இருக்கறவனுக்கு இந்தப் பக்கம் இன்னா வேலை? தெனம் வந்துகினு போறான்.

— சேச்சே! அவருக்கு இதைத் தொடக்கூடத் தெரியாது.

— அவரா?

— ...உங்க பையனாச்சே சார். ஒரு மரியாதைக்கு.

— நல்ல மரியாதை! சரி, அதே பேர்ல இன்னொரு ஃபைல் கீதே. யார் யாருக்குப் பொருத்தம் பாத்தாங்கன்னு அதுல இருக்கும். தொறந்தா ஆளைப் புடிச்சிடலாம்.

— வேணாம் சார்! தொறந்தா... தொறந்தா பரவும்!

— எது வரைக்கும்? ஸ்ரீபெரும்புதூர் வரைக்குமா?

— வாலாஜாபாத் வரைக்கும்! கையை எடுங்க சார்... ரெண்டையும் அழிச்சாச்சு. இப்ப குண்டானதையெல்லாம் அழிச்சுட்டு, ஒல்லியா இருக்கறதை ஏத்தறேன்... ஏறிடுச்சு. அணைச்சுக் கிளப்பறேன்...

— இன்னாச்சு?

— எழுத்து நிக்குது சார்! ஒரு புள்ளிகூட விழல!

— நல்ல நேரத்துல முடிச்ச. வேன் சத்தம் கேக்குது.

— வரட்டும். தைரியமா ஓட்டிக் காட்டுவேன். ஆனா... எப்படி வந்துச்சுன்னு கேட்டார்னா மட்டும்...

— கோதண்டராமன் ஜாதகம் பாத்தான், வந்துச்சுன்னு சொல்லு. காத்தால அதை ஓட்டினது நான்தானே.

— நீங்களா? ஐயோ... அப்ப அதுல இருந்த பேரு... சார்...

— உன் பேரு, எம் பையன் பேரு, ரெண்டும் இருந்துச்சு. எம் பையன் பொறந்தது செவ்வாக்கெழம ராத்திரி ஒரு மணி. நமக்கு விடியறவரைக்கும் செவ்வா. மிசினுக்குப் பன்னெண்டு அடிச்சா புதன். நீ செவ்வாத் தேதியைப் போட்டுட்டு, பொருந்தலன்னு ரெண்டு நாளா மூஞ்சியைத் தொங்கப்போட்டுகினு கீற. நான் புதனைப் போட்டுப் பாத்தேம்மா... பொருந்திடுச்சு.