விமான ஜன்னல்

கொக்குக் கறிக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் ஐயா, இல்லையென்றால் சேற்று வாடை போகாது. சுடும்போது வெடிமருந்தைக் குறைத்துப் போட வேண்டும். அதிகம் போட்டால் கறியே மிஞ்சாது. துப்பாக்கி பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாண்டவராயன் கேட்கவில்லை.

மானாம்பதிப் பக்கம் அவருக்குக் கல் குவாரி. என் மகள் கனகா அங்கே கல் சுமந்தாள். ஒருநாள் வெடி வைத்த குழி ஒன்று வெடிக்காமல் நின்றுவிட்டது. பெண்கள் யாரும் இறங்கவில்லை.

"ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன்ல, போமே" என்று அவர்தான் அவளை அனுப்பினார்.

கோணியில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவளாகப் போய் மிதித்தாள் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதினார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. காரியம் முடிந்ததும் நான் அதே குவாரிக்கு வேலைக்குப் போனேன். மானங்கெட்டவன் என்றது ஊர்.

போன வருஷம் காயலான் கடை மஹபூப் பாஷா, ஏலத்தில் போன பழைய விமானத்தின் ஜன்னல்களைக் கொண்டுவந்தார். வெடி வைக்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்கிற அறைக்கு முதலாளி அதில் ஒன்றைப் பொருத்தினார்.

"இது காத்துக்கும் குளுருக்கும் செஞ்சது மொதலாளி. குண்டுக்கு இல்ல" என்றார் பாய்.

"ஆகாசத்துல பறக்கறது இன்னா உன்னாட்டம் சோப்ளாங்கியா பாய்? டேய் சின்னப்பையா, உன் கொக்கு துப்பாக்கிய எடுத்துக்கினு வா. சுட்டுப் பாத்துடலாம்."

கொக்குக்குப் போடுவதிலும் பாதி மருந்து போட்டேன். ரவைகள் பட்டு உதிர்ந்தன. நகம் பட்டது போலச் சில கீறல்கள், அவ்வளவுதான். முதலாளி அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"சத்தம் கம்மியா கீதே" என்றார் பாய், என் காதோடு.

"மருந்து நமுத்துப் பூட்ச்சி பாய்" என்றேன்.

பிறகு யார் வந்தாலும் சுட்டுக் காட்டச் சொல்வார். சுடுவேன். எப்போதும் அதே பாதி.

ஆயுதபூஜையன்று குவாரியில் நல்ல கூட்டம். அவர் மகன் சந்தோஷ் காலேஜ் லீவில் வந்திருந்தான். என்னை அண்ணே என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அங்கே அவன்தான்.

"வெறும் ரூமைச் சுட்டா இன்னா கெத்து மொதலாளி? உள்ள நம்ம ஆளு ஒருத்தரு நிக்கணும்" என்றேன்.

அவரே உள்ளே போகப் பார்த்தார். "நீங்க வெளிய நின்னு நாலு பேருக்குக் காட்டணும்ல" என்று நிறுத்தினேன்.

சந்தோஷ் தயங்கினான். அப்பன்தான் முதுகில் தட்டினார். "ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன்ல, போடா."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சுட்டிருக்க மாட்டேன். முழு மருந்தும், ரவைக்குப் பதிலாக லாரி பேரிங் குண்டு ஒன்றும் காலையிலேயே வீட்டில் வைத்துத் துப்பாக்கிக் குழாயில் இடித்துக்கொண்டு வந்திருந்தேன் என்பது உண்மைதான். இருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்.

பையன் ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துச் சிரித்தான். "அண்ணே, கொக்குன்னு நெனச்சிக்காத" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலாளி அவனை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். சுற்றித் தூக்க ஒரு கோணி எடுத்து வந்து கொடுத்தேன்.

சந்தோஷ் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவனாகப் போய் நின்றான் ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.