விடுதலைச் சீட்டு

— பொய் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியில குடுத்த உங்க சட்டைப் பையில அந்தப் பட்டறை வேலைக்கான விண்ணப்பத் தாளு இருந்துச்சு. எல்லாம் புரிஞ்சிருச்சு எனக்கு.

— மெதுவா பேசு புள்ள. பக்கத்துக் கட்டில்காரரு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு.

— கேக்கட்டும். விரலை மடக்குங்க பாப்போம்.

— மடங்காதாம். டாக்டர் காலையில சொல்லிட்டாரு.

— பதினஞ்சு வருஷம் வெல்டிங் பிடிச்ச கையிங்க...

— அழாத புள்ள. நான் திருடல. கடை ஷட்டரை அறுத்தேன், அவ்வளவுதான். உள்ளகூடப் போகல. போலீஸ் வரட்டும்னு படியிலேயே உக்காந்திருந்தேன். அதுக்குள்ள மேலேருந்து குதிச்சிட்டாரு பறக்குற முதலாளி, பகல்ல பட்டறை நடத்திட்டு ராத்திரியில திருடனைப் பிடிக்கப் பறந்து வர்ற அதே ஆளு.

— சொல்ல வேண்டியதுதானே அவருகிட்ட?

— வாயைத் தொறக்க விட்டாத்தானே. மடியில கட்டர் கெடந்துச்சு, ஆயுதம்னு நெனச்சிட்டாரு. கையைப் பிடிச்சு ஒரே முறுக்கு.

— வேலை வேணும்னா இப்படியா?

— வேற எப்படி? அவரு பட்டறையில மூணு தடவை வரிசையில நின்னேன். ‘ஜெயில் விடுதலைச் சீட்டு இருக்கா’ங்குறான் அங்க ஆள் எடுக்குறவன். இல்லைங்கன்னேன். ‘இது திருந்துறவங்களுக்கு மட்டும்தான், தள்ளி நில்லுங்க’ன்னுட்டான். நான் எதுலேருந்து புள்ள திருந்துறது?

— நல்லா இருக்கு அவரு தர்மம்!

— அவரைப் பேசாத. அறுநூறு திருடனுக்குச் சோறு போடுறாரு. தெருவுல திருட்டு குறைஞ்சிருக்கா இல்லையா?

— அந்த அறுநூறு பேரும் பாதி விலைக்கு இரும்புக் கேட்டு அடிச்சுக் குடுத்துத்தானே உங்க பழைய வெல்டிங் கடை முதலாளி கடையைச் சாத்தினாரு? குறைஞ்சிருச்சாம்! நீங்க புதுசா ஒருத்தரு சேந்துட்டீங்களே, அதைக் கணக்குல சேத்தாங்களா?

— சரி விடு, விடு. கை போனாலும் சீட்டு வரும்ல. காவலுக்காவது கேட்டுப் பாக்கலாம். ஜெயிலுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவாங்களாம்?

— போகமாட்டாங்க.

— என்னது?

— கேஸே வேணாம்னு அவரு எழுதிக் குடுத்துட்டாராம். ‘பாவம், கை போச்சு, விட்டுருங்க’ன்னு. இந்தக் கட்டிலு, மருந்து, எல்லாம் அவரு செலவுதான். நேத்து ஸ்டேஷன்ல சொன்னாங்க.

— மன்னிச்சிட்டாரா?

— மனசார.

— ஐயோ... அப்ப சீட்டு?

— கேஸு இல்லாம ஏதுங்க சீட்டு?

— நாசமாப் போச்சு. பாப்பாவை வச்சுக்கிட்டு என்ன செய்வோம்? ஆமா, எங்க அவ? கூட்டிட்டு வரலையா?

— எங்கம்மாகிட்ட விட்டிருக்கேன். மூணு மாசம் பாத்துக்கச் சொல்லி.

— மூணு மாசமா? எதுக்கு?

— அந்தத் தாளோட பின்பக்கம் நீங்க படிக்கல. தையலுக்குப் பொம்பளைங்களையும் எடுக்குறாங்க.

— புள்ள, என்ன செஞ்ச நீ?

— நீங்க செஞ்ச தப்பு ராத்திரியில போனதுதான். அவரு பகல்ல வரமாட்டாரு. துணிக்கடையில ரெண்டு சட்டையை எடுத்துக்கிட்டு, போலீஸ் வந்து பிடிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டேன். அஞ்சு நிமிஷம் உங்களைப் பாத்துட்டு வரேன்னு கெஞ்சிக் கேட்டேன், வெளிய போலீஸ்காரம்மா நிக்கிறாங்க.