இடது கோடிக் கட்டைகள்

— வழியை மறிச்சுக்கிட்டு எதிர்ல நிக்காதீங்க. கட்டையே தெரியலை.

— நிக்கறதுக்குக்கூடவா கோபம்? இந்தா, தள்ளிட்டேன். கடைக்காரம்மா, அந்த டிரம்ஸ் வர்ற கீபோர்டை இன்னொரு தடவை காட்டுங்க.

— காட்டறேன் சார். செருப்பை மட்டும் கீழே விட்டுட்டு மேடையில ஏறுங்க, பலகை கீறிடும். அக்கா, இது அரேஞ்சர் கீபோர்டு. இடது கையால மூணு கட்டையைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடிங்க, போதும். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் அதுவா கூட வரும். தொட்டுப் பாருங்க.

— ஆமா, வருது.

— அட! மூணு விரலை வெச்சே, ஒரு கோஷ்டியே வந்து இறங்கிடுச்சு! அதான் சொல்றேன், இதையே எடுத்துடு.

— அதுதாங்க எனக்குப் பிடிக்கலை. நான் கையை எடுத்த பிறகும் அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருக்கு. நான் தப்பு பண்ணாலும் மூடி மறைச்சிடுது. அதுல நான் எங்கே இருக்கேன்?

— வீட்டுல ஒருத்தி வாசிச்சா பத்துப் பேர் வாசிக்கற மாதிரி இருக்கட்டுமே, நல்லதுதானே?

— பத்துப் பேருக்கு நடுவுலதாங்க இத்தனை வருஷமா இருந்தேன். அம்மா, நீங்க பக்கத்துல இருக்கற அந்த டிஜிட்டல் பியானோவைப் பத்திச் சொல்லுங்க.

— இதுல தாளம், கோஷ்டி அதெல்லாம் பெருசா கிடையாது அக்கா. நீங்க தொட்டாத்தான் சத்தம். அரேஞ்சர்ல அறுபத்தொரு கட்டை, இதுல எண்பத்தெட்டு. கட்டைக்குக் கனம் உண்டு. உள்ளே சின்னச் சுத்தியல் வெச்சிருக்காங்க, இடது பக்கம் போகப் போகக் கனம் கூடும், சுருதியும் கீழே இறங்கும். மெதுவா தொட்டா மெதுவா பேசும். தொட்டுப் பாருங்களேன்.

— எண்பத்தெட்டா? இவளுக்கு இருக்கறது பத்து விரல். அந்த இடது கோடியில கிடக்கறதெல்லாம் யாருக்கு?

— உண்மையைச் சொன்னா, அதைப் பலபேர் தொடறதே இல்லை சார்.

— கேட்டியா? தொடாத கட்டையை வாங்கி ஹால்ல நிறுத்தப் போறே.

— ஹால்ல இல்லை. பின்னாடி அறையில. ஒரு நிமிஷம் சும்மா இருங்க, வாசிச்சுப் பார்க்கறேன்.

— …

— எப்படி இருந்துச்சு?

— நல்லா இருந்துச்சு. ஆனா அந்த டிரம்ஸ்…

— மறுபடியும் டிரம்ஸா! என் பழைய கீபோர்டு பீரோ மேல ஏறி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? பத்தொன்பது.

— நீயாத்தானே ஏத்தினே.

— நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுத்தீங்க. "அதை நிறுத்தறியா"ன்னு கேட்டீங்க. நிறுத்திட்டேன்.

— ஒரே ஒரு தடவை சொன்னேன்.

— ஒரு தடவை போதுமா இருந்துச்சு.

— அக்கா, நான் வேணா அந்தப் பக்கம் போய் நிக்கட்டா?

— நீங்க இருங்கம்மா. இது பழைய பஞ்சாயத்து. இன்னொரு தடவை வாசிக்கலாமா?

— வாசிங்க. பக்கத்து அறையில கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சு, அதனால இந்த ஹெட்ஃபோனை மாட்டிக்குங்க. அவசரமே இல்லை.

— …

— முடிச்சிட்டியா? இது இன்னும் பிரமாதம்! முதல்ல வாசிச்சதைவிட இப்போ சுத்தமா இருந்துச்சு.

— சார்… ஹெட்ஃபோன் சொருகிட்டா ஸ்பீக்கர் கட் ஆயிடும் சார். வெளியே ஒண்ணுமே வந்திருக்காது.

— அப்படியா?

— நினைச்சேன்! புடவையைப் பார்க்காமலே நல்லா இருக்குன்னு சொல்றது, வாயில வைக்காமலே உப்பு சரியா இருக்குன்னு சொல்றது. இப்போ கேக்காமலே பிரமாதம்!

— கோபப்படாதே. கடையில வெச்சுக் கத்தாதே.

— கத்தலை. முதல் தடவை ஹெட்ஃபோன் இல்லாம வாசிச்சேனே, அதையாவது கேட்டீங்களா?

— அதுவும் இப்படித்தான் இருந்துச்சு.

— எப்படி?

— இப்போ இருந்த மாதிரியேதான். உன் விரல் போச்சு, வந்துச்சு. அவ்வளவுதான்.

— என்ன சொல்றீங்க? நான் பேசறது கேக்குதே உங்களுக்கு?

— எதிர்ல நின்னு உதட்டைப் பார்த்தா பேச்சு புரிஞ்சிடும். பின்னாடி இருந்து கூப்பிட்டா கேக்காது. முப்பது வருஷம் ஃபாக்டரியில கம்ப்ரஸர் அறை இரைச்சல்ல நின்னதுக்கு மிச்சம் இதுதான். மெல்லிசா இருக்கற சத்தம் எதுவும் இப்போ இல்லை. காலிங் பெல் சத்தம் போன வருஷமே போயிடுச்சு.

— அதான் எங்கே போனாலும் எதிர்ல வந்து நிக்கறீங்களா? வழி மறிக்கறீங்கன்னு ஒரு வருஷமா திட்டிக்கிட்டிருக்கேனே.

— திட்டறது நல்லாவே கேக்கும்.

— சிரிக்க வைக்காதீங்க. ஏன் சொல்லலை?

— நீ பீரோ மேல இருந்து அதை இறக்கி வெச்சுத் துடைச்சியே, அன்னிக்குச் சொல்லலாம்னு வந்தேன். பத்தொன்பது வருஷம் கழிச்சு இவ வாசிக்கப் போறா, இப்போ போய் எனக்குக் கேக்காதுன்னு எந்த வாயால சொல்றது?

— அப்புறம் ஏன் அந்த டிரம்ஸுக்கு இவ்வளவு அடம்?

— செருப்பில்லாம இங்கே நின்னேன்ல? நீ கார்டு பிடிச்சதும் டிரம்ஸ் அதிர்வு பலகையில இருந்து காலுக்கு ஏறுச்சு. நீ மாத்தினா அதுவும் மாறுச்சு. இந்தப் பியானோவை வாங்கிக்கிட்டு நீ பின்னாடி அறைக்குப் போயிட்டா, வாசிக்கறியா, அழுதுக்கிட்டிருக்கியா, ஹால்ல இருக்கற எனக்கு எப்படித் தெரியும்?

— சார், அரேஞ்சரையே எடுத்து வெச்சிடட்டுமா?

— எடுத்து வெச்சிடுங்கம்மா. எனக்கு அது போதும். இவளுக்கும் பழகிடும்.

— வேண்டாம். அம்மா, இந்த ஹெட்ஃபோனைக் கழட்டி விடுங்க.

— கிளாஸ் நடக்குதே அக்கா…

— ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கட்டும். இவ்வளவு நேரமும் நான் வலது பக்கமேதான் வாசிச்சுக்கிட்டிருந்தேன். ஏங்க, என்னைப் பாருங்க. அப்படியே வெறுங்காலோட நில்லுங்க. யாரும் தொடாத அந்த இடது கோடியில இருந்து ஒவ்வொண்ணா அழுத்திக்கிட்டு வரேன், எதுவரைக்கும் காலுக்கு வருதுன்னு சொல்லுங்க. அந்த இடத்துக்குள்ள வாசிக்கக் கத்துக்கறேன்.