கொலுவில் ஒரு லேப்டாப்

புனேயில் ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி கேப் அரை மணி நேரமாக டிராஃபிக்கில் ஒரே இடத்தில் நின்றது. எனக்கு முன் சீட்டில் இருவர், வண்டியில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் உரக்கப் பேசினார்கள்.

“இந்த வருஷம் எங்க வீட்டுக் கொலுவுல என் லேப்டாப்பும் ஒரு பொம்மை, தம்பி,” என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

“ஏங்ண்ணா, சரஸ்வதி பூஜைக்கா?” என்றான் பக்கத்தில் இருந்த இளைஞன்.

“அட, இல்லப்பா. ஹால்ல டெஸ்க்டாப் இருக்கற மூலையிலதான் கொலு வைக்கணும், அதைக் காலி பண்ணுங்கன்னா என் வீட்டுக்காரி. டெஸ்க்டாப்பை வித்துட்டு, அந்த வேலையெல்லாம் செய்யற மாதிரி பெரிய லேப்டாப்பா பார்த்து வாங்கினேன். என் புத்திசாலித்தனம்!”

“நல்லதுதானுங்களே?”

“நாலு கிலோ. சார்ஜர் செங்கல் மாதிரி. அதைப் புடுங்கினா முக்கா மணி நேரத்துல அணைஞ்சுடும். சூடாகுதுன்னு அடியில ஃபேன் வச்சேன். கழுத்து வலிக்குதுன்னு மானிட்டர் வாங்கினேன். ப்ளக் பாயிண்ட் அந்த மூலையிலதான் இருக்கு. பால்கனிக்குப் போன பழைய கம்ப்யூட்டர் டேபிளும் அங்கயே திரும்பி வந்துடுச்சு.”

“அண்ணி திட்டலையா?”

“திட்டியிருந்தா தேவலையே. டேபிளையே ஒரு படியாக்கி, துணி விரிச்சு, லேப்டாப்பைச் சுத்தி பொம்மை அடுக்கிட்டா. குங்குமம் வாங்கிக்க வந்த பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, பொம்மைகளை நவராத்திரி முடியறவரைக்கும் நகர்த்தக் கூடாதாமேன்னு கேட்டாங்க. ‘மத்ததை அப்புறம் எடுத்துடுவோம். இவர் வாங்கினது மட்டும் வருஷம் பூரா நகராது’ன்னு சொல்லி, அவங்க கையில சுண்டலைக் குடுத்தா.”