இரண்டு விரல் இடம்

முழங்காலுக்குப் பட்டை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டே அளவு கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பு. நின்றுகொண்டுதான் கொடுக்க வேண்டும். முட்டிச்சில்லுக்கு எட்டு விரல் மேலே தொடையைச் சுற்றி ஓர் அளவு, எட்டு விரல் கீழே கெண்டைக்காலைச் சுற்றி ஓர் அளவு. கடைக்கார அம்மா என் மனைவிக்கு அப்படித்தான் எடுத்தார்.

என் மனைவி இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறி ஏறி முட்டி தேய்ந்து, வலது கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது.

"வெறும் துணி உறை இவங்களுக்குப் பத்தாது. ரெண்டு பக்கமும் மடங்குற இரும்பு வச்சதுதான் தாங்கும்," என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். என் மனைவிக்கு விரல் மூட்டுகளும் கோணல். வாரை அவளால் இழுக்க முடியாது. "நீங்கதானே கட்டி விடப்போறீங்க? கட்டினதும் வாருக்கு அடியில ரெண்டு விரல் நுழையணும். படுக்கும்போது கழட்டிடணும். பாதம் மரத்துப்போச்சு, நிறம் மாறிடுச்சுன்னா உடனே தளர்த்தணும்."

எனக்கு இது புதிதில்லை. முப்பத்தொரு வருஷம் கிடங்கில் லாரிகளுக்குப் பாரம் கட்டியிருக்கிறேன். கயிறு எவ்வளவு தாங்கும், சரக்கு எவ்வளவு தாங்கும் என்று என் கைக்குத் தெரியும்.

முதல் நாள் கட்டியபோது அவள் சிரித்தாள். "பார்த்துக் கட்டுங்க. நான் என்ன சிமெண்ட் மூட்டையா?" அன்று மாலையே, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, மூன்று மாடி இறங்கித் தெருமுனை வரை போய்விட்டு வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மகள் போனில் கூப்பிட்டாள். "இங்க வந்துடும்மா. படியே இல்லாத வீடு." என் மனைவி பரண்மேல் கிடந்த பெரிய பையை இறக்கித் தரச் சொன்னாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"போய்ப் பார்த்துட்டுச் சொல்றேங்க. நீங்களும் கொஞ்ச நாள் கத்தாம இருந்து பாருங்க."

நான் கத்துகிற ஆள்தான். கல்யாணமான புதிதில் கை நீட்டியதும் உண்டு, பிறகு குறைத்துக்கொண்டேன். ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவள் குளிக்கப் போனால்கூட வீட்டில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியாது. போகாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

வேறொரு கடைக்குப் போய் அதே நிறத்தில், இரண்டு அளவு சிறியதாக ஒன்று வாங்கினேன். பழையதைப் பரணில் வைத்தேன். துவைத்ததில் சுருங்கிவிட்டது, போடப் போடச் சரியாகிவிடும் என்றேன். நம்பினாள். நான் சொன்னதை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

வலித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தள்ளிப்போட்டாள். பை கதவோரமே நின்றது. அது அங்கே நிற்கும் வரை கட்டத்தான் வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தளர்த்துங்களேன்" என்பாள். தளர்த்துவதுபோல வாரைத் தூக்கி, அதே இடத்தில் ஒட்டுவேன். படுக்கும்போதும் கழற்றவில்லை. ஐந்தாம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. எட்டாம் நாள் பாதம் கருநீலமானது. மகளிடம், "டாக்டர் இப்ப அசையக் கூடாதுன்னுட்டார்மா," என்றேன். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. பத்தாம் நாள் அவளே வாரைப் பிரிக்கப் பார்த்தாள். விரல் மடங்காமல் சறுக்கிச் சறுக்கிப் போனது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கையை எடுத்து மடியில் வைத்தேன்.

"இந்தக் காலு என்னுதுதானாங்க?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மூச்சு வரவில்லை என்றாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது. சின்னப் பட்டையைக் கழற்றினேன். வார் இருந்த இடமெல்லாம் பள்ளம். பரணிலிருந்து பெரியதை எடுத்து மாட்டி, வாருக்கு அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். சரியாக நுழைந்தது.

சின்னதை அந்தப் பெரிய பைக்குள் திணித்து வைத்திருந்தேன். அம்மா துணிகளை எடுக்க வந்த மகள் அதைக் கண்டுபிடித்துத்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். ஏன்ப்பா, ஏன்ப்பா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் செய்ததை நான் மறுக்கவில்லை. சின்னது என்று தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்துதான் இறுக்கினேன்.

ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் நான் கட்டிய பாரம் ஒன்றுகூட வழியில் சரிந்ததில்லை. அவளும் கீழே விழவில்லை. உட்கார்ந்த இடத்தில், என் வீட்டில்தான் இருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.