வெல்லம் கரைஞ்ச தெரு

ஒரு காலத்துல, தாமிரபரணி வளைஞ்சு திரும்புற எடத்துல ஒரு பட்டணம் இருந்துச்சு. பட்டணம் இப்பவும் இருக்கு. நாம அதுலதான் நிக்கிறோம். நான் சொல்லப்போறது இந்தத் தெருவோட கதை. பலகைத் தெரு. பேரைக் கேட்டதும் மரக்கடைத் தெருன்னு நெனைப்பீங்க. அதான் இல்ல. இங்க ஒரு மரக்கடை இருந்ததா யாருமே சொல்லல. பழைய கடைக்காரங்க வீட்டுல கேட்டாச்சு. மூட்டை தூக்கினவங்க வீட்டுலயும் கேட்டாச்சு. ஆளாளுக்குக் கொஞ்சம் மாத்திச் சொல்றாங்க. எங்கெல்லாம் மாறுதோ அங்கெல்லாம் மாறுதுன்னு சொல்லிடறேன். கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க, ஆட்டோ சத்தத்துல கேக்காது.

அப்ப கடைக்கு ஷட்டர் கிடையாது. மேல ஒரு சட்டம், கீழ ஒரு சட்டம், ரெண்டுலயும் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியிருக்கும். ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற பலகைங்களை ஒண்ணொண்ணா அந்தக் காடியில சொருகித் தள்ளிக்கிட்டே போவாங்க. எது எந்தக் கடைப் பலகைன்னு தெரிய அதுல எழுத்து வெட்டியிருக்கும். எண்ணெய்க்கடைன்னா 'எ'. வெல்ல மண்டின்னா 'வெ'. கடைசிப் பலகைக்குத்தான் பூட்டு. அதை எடுத்தாத்தான் மத்ததைத் தொட முடியும்.

கடைசிப் பலகையைப் போட்டுப் பூட்டினதும் கடைக்காரர் பக்கத்துக் கடையைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுவாராம். "பாத்துக்கிடும்." பக்கத்துக் கடைக்காரர் திருப்பிச் சொல்லுவாராம். "பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். அந்தப் பதில் வராம யாரும் வீட்டுக்குப் போறதில்லையாம். பதில் சொன்னவர் அந்தக் கடைக்குப் பொறுப்பு. தீப்பிடிச்சாலும் அவர் பொறுப்பு, திருடன் வந்தாலும் அவர் பொறுப்பு.

இந்தத் தெருவுல எண்ணெய்க்கடை வச்சிருந்தவங்க பேரு உலகம்மை. எல்லாரும் உலகாச்சின்னுதான் கூப்பிடுவாங்களாம். புருஷன் போனப்பறம் கடையை ஒத்தையா நடத்தினாங்க. பக்கத்துல வெல்ல மண்டி. அதுக்குக் குத்தாலிங்கம் அண்ணாச்சி. ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு முடுக்கு. ஒரு ஆள் நுழையற சந்து, அதைத்தான் இங்க முடுக்குன்னு சொல்றது. அந்த முடுக்கால வந்துச்சு சண்டை.

ஆச்சி கடை மாடித் தண்ணி முடுக்குல விழும். விழுந்து தெறிச்சு மண்டிச் சுவரை நனைக்கும். சுவர் நனைஞ்சா உள்ள வெல்லம் கசியும். அண்ணாச்சி சொல்லிப் பாத்தார். ஆச்சி, மழையை நானா பெய்யச் சொன்னேன்னு கேட்டாங்களாம். அவரும் ஏதோ சொல்ல, பேச்சு நின்னு போச்சு. பேச்சு நின்னா என்ன ஆகும்? சாயங்காலம் ரெண்டு பேரும் பலகையைப் போடுவாங்க, பூட்டுவாங்க, ஆளுக்கொரு பக்கம் போவாங்க. 'பாத்துக்கிடும்' கிடையாது. 'பாத்துக்கிடுதேன்' கிடையாது. தெருவே அதைப் பாத்துப் பயந்துச்சாம். எத்தனை வருஷம்னு கேட்டா ஒருத்தர் மூணும்பார், ஒருத்தர் ஏழும்பார்.

அப்படி இருக்கையில ஒரு கார்த்திகை மாசம் ஆறு கரையேறிருச்சு.

இந்தத் தெரு சரிவு. நீங்க நடந்து வரும்போதே கவனிச்சிருப்பீங்க. மேட்டுல கோயில் வாசல். அதுக்கு அடுத்தது எண்ணெய்க்கடை, அப்பறம் முடுக்கு, அப்பறம் வெல்ல மண்டி. மண்டியைத் தாண்டினா மாட்டு வண்டி போற அளவுக்கு ஒரு அகல முடுக்கு. அதைத் தாண்டிப் பள்ளத்துல உப்புக்கடை. உப்புக்கடைக்குப் பின்னால மூட்டை தூக்குறவங்க குடிசைங்க. விடிஞ்சு பாத்தா குடிசை ஒண்ணும் இல்லையாம். எல்லாரும் பிள்ளைகுட்டியோட உப்புக்கடை மட்டுப்பாவுல ஏறி நின்னாங்களாம். மொட்டை மாடியைத்தான் மட்டுப்பாம்பாங்க.

உப்புக்கடைச் சுவர் எப்படி இருக்கும்? உப்பு அரிச்ச சுவர். அடிச்செங்கல் ஒண்ணொண்ணா உதிர்ந்து தண்ணியில விழுந்துச்சாம். விழற சத்தம் கேக்குமாம். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்துவாங்களாம். அப்பறம் திரும்ப அழுவாங்களாம்.

தெருவுல தண்ணி இழுத்துக்கிட்டு ஓடுது. நீந்த முடியாது. ஓடம் கொண்டு வர நேரமில்ல. மேட்டுக் கடைக்காரங்க எல்லாம் கோயில் வாசல்ல நின்னு கையைப் பெசைஞ்சாங்க.

உலகாச்சி என்ன செஞ்சாங்க தெரியுமா? இடுப்பளவுத் தண்ணியில எறங்கி, தன் கடைப் பூட்டைத் திறந்து, பலகையெல்லாம் உருவிட்டாங்க. தண்ணி உள்ள போச்சு. எண்ணெய்ச் சாடியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிட்டு வெளிய வந்து ஆத்தைப் பாத்துப் போச்சு. ஆச்சி திரும்பிப் பாக்கலையாம். பலகைங்களைக் கயித்துல கட்டி, மாடிக்கு ஏறித் தானே இழுத்தாங்க. சின்ன முடுக்குக்கு மேல ரெண்டு பலகையைப் போட்டு மண்டி மட்டுப்பாவுக்கு நடந்தே போயிட்டாங்க.

அங்க குத்தாலிங்கம் அண்ணாச்சி உக்காந்திருந்தார். சரக்கை விட்டுட்டுப் போக மனசில்ல. கீழ மண்டியில பொங்கல் ஏவாரத்துக்கு வெல்லம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு. பலகை இடுக்கெல்லாம் களிமண் வச்சு அடைச்சிருக்கார். வெளிய மார்பளவு தண்ணி, உள்ள பொட்டு ஈரம் கிடையாது. அப்படி ஒரு அடைப்பாம்.

ஆச்சி அவரைத் தாண்டிப் போய் வண்டி முடுக்குக்கு மேல தன் பலகையைப் போட்டுப் பாத்தாங்க. எட்டல. ஒரு முழம் பத்தல. அந்தப் பக்கம் கை நீட்டின ஆளு பிடிக்கறதுக்குள்ள பலகை நழுவி விழுந்துருச்சு. தண்ணி அதைத் தீக்குச்சி மாதிரி கொண்டு போச்சாம்.

அந்த முடுக்கைத் தாண்டுற நீளம் தெருவுலயே ஒரே கடைப் பலகைக்குத்தான் உண்டு. வண்டியோட உள்ள போகணும்னு வாசலை ஒசத்திக் கட்டின கடை. வெல்ல மண்டி.

ஆச்சி திரும்பி நின்னாங்க. வருஷக்கணக்கா பேசாத மனுஷன்கிட்ட பேசினாங்க.

"குத்தாலிங்கம், ஒம்ம பலகை ரெண்டு வேணும்வே."

அண்ணாச்சி தலையைத் தூக்கல. "ஒங்களுக்கென்ன ஆச்சி. எண்ணெய் தண்ணியில மிதக்கும். வெல்லம் கரையும்."

இந்த ஒரு பேச்சை மட்டும் யாரைக் கேட்டாலும் எழுத்து மாறாம சொல்றாங்க.

உப்புக்கடை மாடியில முன்னால நின்னவன் பூல்பாண்டி. மண்டியில வெல்ல மூட்டை தூக்குறவன். தோள்ல ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கிட்டு ஒரு பிள்ளை. அவன் அங்கருந்து சமாதானம் சொன்னானாம். "அண்ணாச்சி, நாந்தான அடுக்குனேன். கீழ் அடுக்குதான் போவும். மேல் அடுக்கு நின்னுரும் அண்ணாச்சி." சாகப்போறவன் வெல்லத்துக்குச் சமாதானம் சொல்றான். அண்ணாச்சி மடியில இருந்த சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாராம். அவர் கெட்ட மனுஷன்னு யாரும் சொல்லல. அந்த வெல்லம் போனா மறுபடி எந்திரிக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அதான்.

செங்கல் விழுந்துச்சு. இன்னொண்ணு விழுந்துச்சு. அப்பறம் ஒரு மூலையே மொத்தமா இறங்கிச்சு. மாடி ஒரு பக்கமாச் சாஞ்சுது. நின்னவங்க எல்லாரும் மேட்டுப் பக்கமா ஒதுங்கினாங்க.

ஆச்சி அதுக்கு மேல கெஞ்சல. சேலையை வரிஞ்சு கட்டினாங்க. கயித்தோட ஒரு முனையை இடுப்புல முடிஞ்சாங்க, இன்னொரு முனையை மாடிக் கைப்பிடிச் சுவர்ல கட்டினாங்க. மாடியில கெடந்த ஒரு அரிவாளை எடுத்து இடுப்புல சொருகினாங்க. பூட்டைத் திறக்காட்டிப் பலகையை வெட்டியாவது எடுப்பேன்னுதான். அந்த இழுப்புல ஒத்தை ஆள் வெட்டி எடுக்க முடியுமா? முடியாது. பலகை தண்ணியில ஊறி உப்பியிருக்கு. ஒருத்தர் தூக்கணும், ஒருத்தர் இழுக்கணும். அது ஆச்சிக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

எறங்குறதுக்கு முன்னால ஆச்சி அவரைப் பாத்து, சாயங்காலம் கடை அடைச்சுட்டுச் சொல்ற மாதிரி, சாதாரணமாச் சொன்னாங்களாம்.

"என் கடையப் பாத்துக்கிடும்வே."

அதுக்குப் பதில் என்ன? உங்களுக்குத் தெரியும். பதில் சொன்னா, அந்தம்மா திரும்பி வரப்போறதில்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. சொல்லாட்டி, தெரு வழக்கத்தை மீறின மாதிரி. ஆச்சி எறங்கிட்டாங்க. தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. கால் தரையில பாவல. கயிறு விண்ணுன்னு நின்னுச்சு. பலகையில அரிவாள் பட்ட சத்தம் ஒரு தடவை கேட்டுச்சு. அப்பறம் கேக்கல.

அப்பத்தான் குத்தாலிங்கம் அண்ணாச்சி எந்திரிச்சாராம்.

"பாக்க மாட்டேன். நீங்களே வந்து பாத்துக்கிடுங்க."

சொல்லிக்கிட்டே கயித்தைப் பிடிச்சுச் சறுக்கி எறங்கிட்டார். ஆச்சி தண்ணிக்குள்ள போயிருந்தாங்க. தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கினார்னு மண்டிக்காரங்க வீட்டுல சொல்றாங்க. எண்ணெய்க்கடை வீட்டுல கையைத்தான் பிடிச்சார்ங்கிறாங்க. தூக்கினார், அதுல சந்தேகமில்ல. தண்ணிக்குள்ள மூச்சடக்கி, தடவித் தடவிப் பூட்டைத் திறந்தார். அவர் கீழருந்து தூக்க, ஆச்சி மேலருந்து இழுக்க, கடைசிப் பலகை காடியை விட்டு வந்துச்சு. அடுத்த பலகையும் வந்துச்சு. அவ்வளவுதான், தண்ணி உள்ள பாஞ்சுருச்சு. மிச்சப் பலகையெல்லாம் அதுவாவே பிச்சுக்கிட்டுப் போச்சு.

கீழ் அடுக்கு போச்சு. மேல் அடுக்கு நின்னுச்சா? எங்க நிக்கும். மொத்தமும் சரிஞ்சு விழுந்துச்சு. மண்டி வாசல்லருந்து தண்ணி பாகு நிறத்துல ஓடுச்சாம். அன்னைக்கு ஆத்துத் தண்ணி இனிச்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அத்தனை பெரிய வெள்ளம் இனிக்குமான்னு எனக்குத் தெரியல. எல்லாரும் சொல்றாங்க, அதனால சொல்றேன்.

கோயில் வாசல்ல நின்னவங்க இப்ப ஓடி வந்தாங்க. ஆளையும் பலகையையும் மேல இழுத்தாங்க. வண்டி முடுக்குக்கு மேல ரெண்டு நீளப் பலகையும் பக்கத்துல பக்கத்துல படுத்துச்சு. முதல்ல பிள்ளைங்க வந்தாங்க. பெறகு பொம்பளைங்க. பெறகு கிழடுங்க. கடைசியா பூல்பாண்டி. அவன் கால் மண்டி மாடியில பட்டதும் பின்னால உப்புக்கடை உக்காந்துருச்சு. சத்தமில்லாம, ஒட்டகம் உக்காருற மாதிரி முன்னுக்கு மடிஞ்சு உக்காந்துச்சாம். ஒரு பலகை அதோட போச்சு. ஒண்ணை மட்டும் பூல்பாண்டி இந்தப் பக்கத்து முனையைப் பிடிச்சு நிறுத்திட்டான்.

தண்ணி வடிஞ்சுது. ஆச்சி கடையைக் கழுவித் திரும்பத் திறந்தாங்க. வாசல்ல ஒரு பலகை குறையுது. அன்னைக்கு எட்டாம விழுந்ததே, அது. அண்ணாச்சிக்கு மிச்சம் இருந்ததே ஒரு பலகை. அந்த ஒண்ணைப் பூல்பாண்டி தலையில ஏத்தி ஆச்சி கடைக்கு அனுப்பினாராம்.

"நீளமா இருக்கேவே, என் வாசலுக்கு எப்படி ஆவும்?"ன்னு ஆச்சி கேட்டு விட்டாங்க.

"அறுத்துப் போடச் சொல்லு"ன்னார் அண்ணாச்சி.

அறுத்துப் போட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஆச்சி அந்தப் பலகையைக் கடைசிப் பலகையா வச்சுப் பூட்டினாங்க. பூட்டிட்டு நின்னாங்க. பக்கத்துல அண்ணாச்சி வெறும் மண்டிக்கு முன்னால நிக்கிறார். அடைக்கப் பலகையும் இல்ல, அடைக்க வேண்டிய சரக்கும் இல்ல. தெருவே கையில வேலையை வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துச்சாம்.

"பாத்துக்கிடும்வே"ன்னாங்க ஆச்சி.

"பாத்துக்கிடுதேன்"ன்னார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் கழிச்சு, "மாடித் தண்ணியக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி விடுங்க ஆச்சி"ன்னாராம்.

"இப்ப நனைய உள்ள என்னவே இருக்கு?"ன்னு கேட்டாங்களாம் ஆச்சி. அண்ணாச்சி சிரிச்சுட்டார். மறுநாளே கொத்தனைக் கூட்டி வந்து தண்ணிப் போக்கைத் திருப்பிட்டாங்க. அந்தா பாருங்க, மாடித் தூம்பு தெருப் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு.

எண்ணெய்க்கடையில இப்ப ஷட்டர்தான். ஆனா ஓரத்துல ஒரு பலகையை மட்டும் எடுக்காம வச்சிருக்காங்க. கிட்டப் போய்ப் பாருங்க. எண்ணெய்க்கடைப் பலகையில 'வெ'ன்னு வெட்டியிருக்கும். அறுத்த துண்டு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அண்ணாச்சி திரும்ப ஏவாரம் தொடங்கினப்ப அதுலதான் கடைப்பேரை எழுதி வாசலுக்கு மேல அடிச்சாராம். இப்பவும் மண்டிப் பேர்ப்பலகை அதுதான். ரெண்டையும் சேத்து வச்சு நான் பாக்கல. அகலம் அளந்து பாத்தேன், ஒண்ணாத்தான் இருக்கு.

இன்னொண்ணும் மிச்சம் இருக்கு. சாதாரண நாள்ல இந்தத் தெருவுல 'பாத்துக்கிடுங்க'ன்னா 'பாத்துக்கிடுதேன்'தான் பதில். ஆனா யாராவது உயிருக்குப் பயந்து போற நேரத்துல, ஆஸ்பத்திரிக்கோ வேற எதுக்கோ, 'கடையப் பாத்துக்கிடுங்க'ன்னு சொன்னா, யாரும் சரின்னு சொல்ல மாட்டாங்க. வெளியூர் ஆளு கேட்டா ஏதோ சண்டைன்னு நெனைச்சுக்குவான். ரெண்டு மாசத்துக்கு முன்னால, இப்ப மண்டி நடத்துறவர் நெஞ்சு ஆப்பரேஷனுக்குக் கெளம்பி ஆட்டோவுல ஏறினார். சாவியை எண்ணெய்க்கடை அம்மாகிட்ட நீட்டி, "பாத்துக்கிடுங்கம்மா"ன்னார். அந்தம்மா சாவியை வாங்கல. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, தெருவுக்கே கேக்கச் சொன்னாங்க.

"அதெல்லாம் பாக்க முடியாது. நீங்களே வந்து பாத்துக்கிடுங்க."

மண்டி பூட்டியே கெடந்துச்சு. போற வரவங்க பூட்டைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனாங்க.

திரும்பிப் பாருங்க. அந்தப் பேர்ப்பலகைக்குக் கீழ, கல்லாவுல சாஞ்சு உக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காரே, அவர்தான்.